மூன்று தட்டு, இரண்டு தட்டு

நவம்பர் 6, திங்கள்

வீட்டில் இவருக்கு யாரோ கொடுத்த போன வருஷத்து டைரி இது. தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். எழுதி வைத்தால்தான் நாளைக்கு ஒருவரும் மாற்றிப் பேச முடியாது. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

முழங்கால் ஆபரேஷனுக்காக ஜூலையில் போட்ட மருத்துவ விடுப்பு முடிந்து, ஊன்றுகோலோடு இன்று பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் அங்கமுத்து சார் உட்கார வைத்து டீ வரவழைத்தார். இதற்கு முன் அவர் எனக்கு டீ வாங்கித் தந்தது ஒரே ஒரு முறை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் என் பெயரைப் போட்டுவிட்டு வாங்கித் தந்தார். அதனால் டம்ளரைத் தொடாமலே காத்திருந்தேன். நினைத்தது போலவே ஆயிற்று. பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு அறிவியல் இனி நான் இல்லையாம். எனக்குப் பதிலாக வந்த தற்காலிக ஆசிரியை சுகன்யாவே பொதுத்தேர்வு வரை தொடர்வாளாம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு.

"பசங்க அந்தப் புள்ளைகிட்டப் பழகீட்டாங்க டீச்சர். நடுவுல மாத்துனா சிரமமுங்க" என்றார்.

போன வருஷம் ஒன்பதில் இதே பசங்களை மேய்த்தவள் நான். வருகிற மே மாதம் ஓய்வு பெறப்போகிறேன். கடைசி வருஷம் பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்து, பயிற்சிக் கல்லூரி வாசம் மாறாத ஒருத்தியிடம் கொடுப்பதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நவம்பர் 8, புதன்

ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடம். வழக்கம்போல் நுழையும்போதே கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் ஆட்டிப் பார்த்தேன். கீழ்த் தாழ்ப்பாள் லொடலொடவென்று இருக்கிறது, பசங்கள் வேலை. குடையை மேசையில் வைத்து, டஸ்டரால் மூன்று தட்டுத் தட்டி எல்லாரையும் எழுப்பி நிறுத்தினேன். சாக்பீஸ் டப்பாவை எண்ணினேன். நேற்று எண்ணி வைத்தது ஒன்பது, இன்று எட்டு. ஜன்னல் வரை நடக்க முழங்கால் விடவில்லை. இனிமேல் அந்தப் பக்கம் போவதாக இல்லை. காற்றும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

பால்காரர் இன்றும் தண்ணீர் கலந்திருக்கிறார்.

நவம்பர் 16, வியாழன்

பத்து 'ஆ' எனக்குப் பக்கத்து வகுப்பறை. இடையில் ஒரே சுவர். மூன்றாவது பீரியட் முழுக்க அங்கே பாடம் நடக்கிற சத்தமே இல்லை. நாடகம் நடக்கிற சத்தம்தான். யாரோ எதையோ தட்டுகிறார்கள், பிறகு சிரிப்பு, பிறகு அமைதி, மறுபடி தட்டல். கடைசியில் ஒரு பெண் பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறது. என்ன கத்தியது என்று சுவர் வழியாகப் புரியவில்லை. கத்தியதும் வகுப்பே கைதட்டுகிறது.

எண்ணினேன். முதலில் மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு தட்டு. இன்று நான்கு தடவையும் இதே கணக்கு.

ஸ்டாஃப் ரூமில் சுகன்யாவிடம், என்னம்மா பாடம் நடத்துகிறாய் என்று சாதாரணமாகக் கேட்டேன். "இதயமுங்க டீச்சர்" என்றாள். முகம் சிவந்துவிட்டது. இதயத்துக்கு எதற்கு வெட்கம்? நான் நடத்தினால் படத்தை வரைந்து, பாகம் குறித்து, பத்துத் தடவை எழுதச் சொல்வேன். இத்தனை வருஷம் அப்படித்தான். எழுத எழுத ஏறும். ஏறாத தலைக்கு எதைச் செய்தாலும் ஏறாது. அந்த வகுப்பு மோனிஷாவிடம் போன வருஷம் அதைத்தான் சொன்னேன். எல்லாப் பாடத்தையும் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வருவாள், தேர்வில் வெள்ளைத்தாளைக் கொடுப்பாள். "உனக்கு ஏறாது சாமி, உட்காரு" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

டிசம்பர் 4, திங்கள்

பத்து 'ஆ' வாசலைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். மேசையின் வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. என் குடை மாதிரியே வளைந்த பிடி. என் குடை ஸ்டாஃப் ரூமில்தான் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். இருந்தது. அப்படியானால் அது யாருடையது? எதற்கு?

டிசம்பர் 18, திங்கள்

அரையாண்டு அறிவியல் தேர்வு. பத்து 'ஆ' அறைக்கு மேற்பார்வைக்குப் போக வேண்டிய கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் போகிறேன் என்று வலியப் போய் வாங்கிக்கொண்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கேள்வித்தாள் கொடுத்துக் கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருத்தன் தலையைத் தூக்கிக் கதவின் மேல் பக்கத்தைப் பார்த்தான். அப்புறம் கீழ்ப் பக்கம். அப்புறம் மேசை. அப்புறம் ஜன்னல். மறுபடி மேசை. குனிந்து எழுதினான். சரி, சோம்பல் என்று விட்டேன். அடுத்து மோனிஷா. அதே கதவு மேல், கதவு கீழ், மேசை, ஜன்னல், மேசை. விரலால் பெஞ்சில் சத்தமில்லாமல் மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு! அப்புறம் இன்னொருத்தி. ஒரு மணி நேரத்தில் இருபத்தேழு பேர் அதே வரிசையில் பார்த்ததை எண்ணினேன். வகுப்பில் மொத்தமே முப்பத்தொன்று.

தேர்வு முடிந்து எல்லாரும் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு தேடினேன். தாழ்ப்பாள் பக்கம், மேசையின் அடி, டிராயர், ஜன்னல் கம்பி, ஜன்னலுக்கு வெளியே. முழங்காலோடு குனிந்து நிமிர்ந்து உயிர் போய்விட்டது. சுவரில் எழுத்து இல்லை. துண்டுச் சீட்டு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காததே பெரிய சந்தேகம். நெருப்பில்லாமல் புகையாது.

ஜனவரி 3, புதன்

பத்து 'ஆ'வில் அறிவியலில் இரண்டு பேர் மட்டும் ஃபெயில். என் காலத்தில் அரையாண்டில் பன்னிரண்டு பேராவது போவார்கள். மோனிஷா அறுபத்தெட்டு. காலாண்டில் இருபத்தொன்று வாங்கியவள்.

இதயத்தில் இரத்தம் போகும் பாதை, ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். மேற்பெருஞ்சிரையில் ஆரம்பித்துப் பெருந்தமனி வரை ஒரு படி விடாமல், ஒரு வால்வு மாறாமல் எழுதியிருக்கிறாள். நானே சில சமயம் மூவிதழ் வால்வையும் ஈரிதழ் வால்வையும் மாற்றிச் சொல்லிவிட்டுத் திருத்துவேன்.

அங்கமுத்து சார் காலை வழிபாட்டில் சுகன்யாவைக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் பேச்சாகிவிடும்.

ஜனவரி 9, செவ்வாய்

திருப்புதல் தேர்வு. இந்த முறை பத்து 'ஆ'வை நூலக அறையில் உட்கார வைக்கச் சொன்னேன். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். நூலகத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பூட்டுதான். இடது பக்கம் ஜன்னலும் இல்லை, வெறும் சுவர். ஏதாவது எழுதி வைத்திருந்தால் கையும் களவுமாகச் சிக்கட்டும் என்று பார்த்தேன்.

அங்கேயும் பார்க்கிறார்கள். கதவின் மேல், கதவின் கீழ், மேசை. ஜன்னலே இல்லாத வெறும் சுவரைப் பார்த்து ஒருத்தி மூச்சை இழுத்து விடுகிறாள்!

இல்லாத ஜன்னலில் இவர்களுக்கு என்ன தெரிகிறது?

ஜனவரி 10, புதன்

மதிய இடைவேளையில் மோனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பரீட்சையில் எதைப் பார்க்கிறாய்? தலையைக் குனிந்துகொண்டாள். திட்ட மாட்டேன், சொல் என்றேன்.

"சொல்ல மாட்டனுங்க டீச்சர்."

தெரியாது என்று சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்கிறாள். யார் சொல்லக் கூடாது என்றது என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. அறிவியல் நோட்டைக் கொடு என்று வாங்கிக்கொண்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. ஒரு எழுத்துக்கூட இல்லை, வெறும் படங்கள். வரிசையாக: மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், ஒரு குடை, மூன்று புள்ளி, ஒரு டப்பா, ஒரு ஜன்னல், ஒரு கைப்பை, இரண்டு புள்ளி, ஊன்றி நிற்கும் இரண்டு கால், கடைசியாகத் திறந்த வாய். வாய் மட்டும் பக்கத்தில் பாதிக்கு வரைந்திருக்கிறது. யாருடைய வாயோ, பார்க்கவே சகிக்கவில்லை.

ரகசியக் குறியீடு என்பதில் இனிச் சந்தேகமே இல்லை.

ஜனவரி 11, வியாழன்

புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். சுகன்யாவின் தூண்டுதலில் மாணவர்கள் ஒழுங்கீனமான முறையில் தேர்வு எழுதுகிறார்கள், மோனிஷா என்ற மாணவியிடம் குறியீட்டுத் தாள் கைப்பற்றப்பட்டது, அரையாண்டுத் தேர்வில் துண்டுச் சீட்டு கைமாறியதை நேரில் கண்டேன். மூன்று விஷயம்.

சார் படித்துவிட்டு, சீட்டைப் பார்த்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். பார்த்தேன் என்றேன். சீட்டு இல்லாமல் இது நடந்திருக்கவே முடியாது. அந்த வரி இல்லாவிட்டால் புகாருக்கு வலு இல்லை.

தபால் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டுவிட்டார். பொங்கல் முடிந்து விசாரித்துவிட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவாராம். "போச்சுன்னா சுகன்யாவை அன்னைக்கே நிறுத்தச் சொல்லுவாங்க டீச்சர். அப்பறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வேலைக்குச் சேத்த மாட்டாங்க" என்றார். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்றேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத வீட்டில் எனக்கும் இவருக்கும் சேர்த்து ஒரு பிடி பொங்கல். இவர் மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். புகார் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கரும்பு கடித்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டியது நினைவு வந்து முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டேன். ஏற்கெனவே இரண்டு முடிச்சு இருந்தது, எதற்கென்று மறந்துவிட்டது.

"ஏம்புள்ள, நீ போடறயே முடிச்சு, அது பிட்டா?" என்றார்.

அதுவும் இதுவும் ஒன்றா? என் சேலை, என் முடிச்சு. முடிச்சில் விடை எழுதியிருக்கிறதா என்ன? அப்படித்தான் கேட்டேன். "அதைத்தானே நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கரும்புக்குப் போய்விட்டார். இவருக்கும் சுகன்யாவுக்கும் தூரத்து உறவு ஏதாவது உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

ஜனவரி 18, வியாழன்

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் அறையில் விசாரணை. சார், நான், சுகன்யா, மோனிஷா. சார் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, டீச்சரே கேள்வி கேட்கட்டும் என்றார். இரத்தம் இதயத்தின் வழியே போகும் பாதையைக் கேட்டேன். மோனிஷா நிமிர்ந்து அறையின் கதவைப் பார்த்தாள். மேலே, கீழே. பார்த்தீர்களா சார் என்றேன்.

"பாப்பா, எழுத வேண்டாம். எதைப் பாக்கறயோ அதை வாய்ல சொல்லு" என்றார் சார்.

அவள் சுகன்யாவைப் பார்த்தாள். நான் சொல்கிறேன் என்று சுகன்யா எழுந்தாள், சார் விடவில்லை. பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தெய்வானை டீச்சர் வர்றாங்க."

என் பெயர் இதில் எதற்கு என்று சாரைப் பார்த்தேன்.

"மொதல்ல மேல் தாழ்ப்பாளை ஆட்டிப் பாப்பாங்க, அப்பறம் கீழ்த் தாழ்ப்பாள். அது ரெண்டும் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரைங்க. குடையை மேசைக்கு வலது ஓரத்துல வெப்பாங்க, அது வலது ஏட்ரியம். எந்திரிக்கச் சொல்லி மூனு தட்டு, மூவிதழ் வால்வு. அப்பறம் சாக்பீசை எண்ணுவாங்க, யாரு எடுத்தாங்கன்னு. அது வலது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து ஜன்னலுக்கு நடக்கறது நுரையீரல் தமனிங்க. ஜன்னலைத் தொறந்து 'உஸ்ஸப்பா'ன்னு மூச்சு விடுவாங்க. அதுதான் நுரையீரல்."

சார் கையால் வாயை மூடிக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. திரும்பி வருவது நுரையீரல் சிரை. கைப்பையை இடது ஓரத்தில் வைப்பது இடது ஏட்ரியம். உட்காரச் சொல்லி இரண்டு தட்டு, ஈரிதழ் வால்வு. கரும்பலகைக்கு முன்னால் காலை ஊன்றி நிற்பது இடது வெண்ட்ரிக்கிள், அங்கேதான் சுவர் தடிப்பு.

"கடைசியா, 'கடைசி பெஞ்சு, கேக்குதா'ன்னு ஒரு சத்தம். அது எல்லாப் பக்கமும் போயிருமுங்க. அது பெருந்தமனி."

ஒரு படி விடவில்லை, ஒரு வால்வு மாறவில்லை. அந்தப் பெரிய வாய் என் வாய்தான்.

சுகன்யா மெதுவாகச் சொன்னாள். ஜூலையில் வந்த முதல் நாள், உங்கள் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டாளாம். சினிமா, கிரிக்கெட் என்று வரும் என்று எதிர்பார்த்திருக்கிறாள். ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிந்தது ஒன்றுதான், தெய்வானை டீச்சர் வகுப்புக்குள் வருவது. ஒரு வருஷமாக ஒரு நாள்கூட மாறாமல் பார்த்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சதைப் புடிச்சுத்தானுங்க தெரியாததுக்குக் கூட்டீட்டுப் போக முடியும். தப்பா எதுவும் நெனைக்கலீங்க டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு பசங்ககிட்டச் சொன்னேன்" என்றாள்.

சார் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தத் துண்டுச் சீட்டு?

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வரும்போது கதவின் மேல் தாழ்ப்பாளைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

கோபம்தான் முதலில் வந்தது. முப்பத்தொரு பிள்ளைகள் என் பின்னால் நடித்துச் சிரித்திருக்கிறார்கள். சாக்பீஸ் எண்ணுவதைக்கூட விடவில்லை. நான் அப்படியா மூச்சு விடுகிறேன்? இவரிடம் கேட்டேன். "இப்பக்கூட விட்டயே" என்றார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முகமே தெரிந்திருக்கவில்லை.

பிறகு இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன், எனக்குச் சாதகமாக ஏதாவது இருக்காதா என்று. டிசம்பர் பதினெட்டு, என் கையெழுத்து. "துண்டுச் சீட்டு ஒன்றும் கிடைக்கவில்லை." பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன், அடுத்த பக்கத்தில் தடம் தெரிகிறது.

எழுதி வைத்தால் ஒருவரும் மாற்றிப் பேச முடியாது என்று முதல் பக்கத்தில் எழுதியவளும் நான்தான்.

ஜனவரி 22, திங்கள்

காலையில் சார் தனியாகக் கூப்பிட்டார். சுகன்யா தானே வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாளாம். பொதுத்தேர்வு நேரத்தில் பிள்ளைகள் பெயர் அடிபட வேண்டாம் என்று. அப்படி அவள் போய்விட்டால் புகாரை மேலே அனுப்ப வேண்டியதில்லை, சுமுகமாக முடிந்தது என்று எழுதி மூடிவிடலாம். பத்து 'ஆ' எனக்கே திரும்ப வரும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

இல்லையென்றால் இன்னொரு வழி. புகார் பதிவேட்டில் ஏறிவிட்டதால் வாயால் வாபஸ் வாங்க முடியாது. எழுத்தில் கொடுக்க வேண்டும். "சர்வீஸ் புக்குல குறிப்பு ஏறுமுங்க டீச்சர். நாலு மாசத்துல ரிட்டயர்டு ஆகப் போறீங்க. யோசிச்சுக்கோங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் படிக்கப் போவதில்லை. ஒரு நிமிஷம் பத்து 'ஆ' அறையை நினைத்தேன். கரும்பலகைக்கு முன்னால் நான் நிற்பதை நினைத்தேன். ஆசையாக இருந்தது. அந்தப் பெண் போனால் போகட்டும், சின்ன வயசு, வேறு வேலை கிடைக்கும் என்றுகூடத் தோன்றியது.

அடுத்த நிமிஷம் மோனிஷா நினைவுக்கு வந்தாள். நான் போய் அந்த மேசைமேல் குடையை வைத்தால் அவள் எதைப் பார்ப்பாள்? வலது ஏட்ரியத்தையா, தன் டீச்சரைத் துரத்தியவளையா?

தாள் வாங்கி எழுதினேன். அரையாண்டுத் தேர்வில் துண்டுச் சீட்டு எதையும் நான் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதியது பொய். சார் படித்துவிட்டு, 'பொய்' வேண்டாம், 'தவறுதலாக' என்று போடுங்கள், பின்னால் நல்லது என்றார். வேண்டாம் சார், இருக்கட்டும் என்றேன். தவறுதலாகச் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

சுகன்யா தொடர்கிறாள்.

ஜனவரி 29, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் நான் போனால் பேச்சு நிற்கிறது. என் சர்வீஸ் புக்கில் குறிப்பு ஏறியது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள் என்று தெரியும், ஆனால் எழுதப் போவதில்லை. இனிக் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

பால் இன்றும் தண்ணீர். அது கண்ணால் பார்த்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

மோனிஷாவின் நோட்டை இத்தனை நாள் நானே வைத்திருந்தேன். இன்று குடிதண்ணீர்த் தொட்டி அருகே அவளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். போன வருஷம் உனக்கு ஏறாது என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று தலையாட்டினாள். ஒரு வார்த்தை மறக்கவில்லை பிள்ளை.

"உனக்கு ஏறும் சாமி. எனக்குத்தான் ஏத்தத் தெரியலை" என்றேன். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, நீங்கள் இப்போது ஏன் ஜன்னல் பக்கம் போவதில்லை என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்களாம். முழங்கால் என்றேன். "அப்ப நுரையீரலே இல்லீங்களே டீச்சர்" என்று கவலையாகச் சொன்னாள். கேலி செய்கிறாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை.

மார்ச் 22, வெள்ளி

பொதுத்தேர்வுக்கு முன் பத்தாம் வகுப்புக்கு இன்றுதான் கடைசி நாள். காலையில் சுகன்யாவிடம் போய், உன் பீரியடில் ஐந்து நிமிஷம் தருவாயா என்று கேட்டேன். ஒருத்தியிடம் வகுப்பறையைக் கேட்டு வாங்குவது எனக்கு இதுதான் முதல் தடவை. எதற்கென்று அவள் கேட்கவில்லை, நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள்.

ஊன்றுகோலை வெளியே சாத்தி வைத்தேன். மேல் தாழ்ப்பாளை ஆட்டினேன், கீழ்த் தாழ்ப்பாளை ஆட்டினேன். குடையை வலது ஓரத்தில் வைத்து மூன்று தட்டுத் தட்டினேன். முப்பத்தொரு பேரும் எழுந்தார்கள். சாக்பீஸை எண்ணினேன், ஏழு இருந்தது. ஜன்னல் பதினோரு அடி. நடந்தேன். நடுவில் முழங்கால் சுருக்கென்று பிடித்தது, ஒரு பெண் கை கொடுக்க வந்தாள், வேண்டாம் என்று தலையசைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். மூச்சு தானாகவே வந்தது, நடிக்கத் தேவைப்படவில்லை. திரும்பி வந்து கைப்பையை இடது ஓரத்தில் வைத்தேன். இரண்டு தட்டு. எல்லாரும் உட்கார்ந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் காலை ஊன்றி நின்றேன்.

இனிச் சத்தம்தான் பாக்கி. வாயைத் திறந்தேன், வரவில்லை. முப்பத்தொரு வருஷம் கூப்பிடாமலே வந்த சத்தம் அது. கடைசி பெஞ்சில் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதுங்க டீச்சர்" என்றாள் அவள்.

ஏப்ரல் 4, வியாழன்

அறிவியல் பொதுத்தேர்வு முடிந்தது. எங்கள் பள்ளியே தேர்வு மையம். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தேன். அறிவியல் டீச்சர் உள்ளே போகக் கூடாது.

முதலில் வந்தவனிடமே கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். இதயம் வரவே இல்லை! ஒரு மதிப்பெண் கேள்விகூட இல்லை. அத்தனை நடந்ததும் வீண். யாரோ வேண்டுமென்றேதான் இதயத்தை விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. வந்தது சிறுநீரகம், ஐந்து மதிப்பெண்.

மோனிஷா வெளியே வந்ததும் ஓடி வந்தாள். சிறுநீரகம் எழுதினாயா என்றேன். முழுசாக எழுதிவிட்டாளாம். எப்படி நினைவு வைத்தாய் என்று கேட்டேன்.

"அதுக்கும் நீங்கதானுங்க டீச்சர்."

அது என்ன வழி, எங்கிருந்து எங்கே போகிறேன் என்று கேட்டேன். "சொல்ல மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு அந்தியூர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். சுகன்யாவைக் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏதோ இருக்கிறது. சிறுநீரகத்தில் வடிகட்டுகிறது, குழாய் வழியாகப் போகிறது, பையில் தேங்குகிறது, வெளியேறுகிறது. இதில் நான் எங்கே வருகிறேன்? ஓய்வு பெற இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். மறக்காமல் இருக்க முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறேன்.